பூச்சி மருந்தும் மூச்சுத் தசையும்

விழுப்புரம் மாவட்டத்தில் 'மருந்து' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கினால் ஒன்று, உரக்கடையில் வாங்கினால் இன்னொன்று. "மல்லாட்டைக்கு மருந்தடிச்சாச்சா?" என்று வரப்பில் நின்று கேட்பார்கள். "மருந்து குடிச்சிட்டாராம், முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டு போயிருக்காங்க" என்று டீக்கடையில் சொல்வார்கள். இரண்டு பேச்சிலும் இருப்பது ஒரே பாட்டில்தான். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்துவிட்ட பிறகு, அதை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்க யாருக்கும் கை கூசுவதில்லை.

அது விஷம் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "குடலை அரிச்சிடும்", "ரத்தத்தைக் கெடுத்துடும்" என்று ஆளுக்கொரு பதில் வரும். "வயித்தைக் கழுவிட்டாங்க, இனி பயமில்லை" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். நெஞ்சைப் பிசையும் உண்மை என்னவென்றால், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலும் ஆளைக் கொல்வது மூச்சை நிறுத்தித்தான். மூச்சு விடும் தசைக்கும் அதை இயக்கும் நரம்புக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன சந்தில்தான் விபரீதம் நடக்கிறது. அந்தச் சந்தைப் புரிந்துகொண்டால், இந்தப் பாட்டில்களில் சிலவற்றைக் கடையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது ஏன் என்று தானாகப் புரியும்.

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிளஸ் டூவில் பயாலஜி எடுக்காதவர்களுக்கும் புரியும்!

நரம்பு தசையைத் தொடுவதில்லை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் டீ கிளாஸைத் தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து உத்தரவு கிளம்பி, தண்டுவடம் வழியாக இறங்கி, கைக்குப் போகும் நரம்பில் மின்சாரமாக ஓடுகிறது. வீட்டுக் கம்பியில் ஓடும் மின்சாரம் மாதிரி இல்லை இது. சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பின் சுவரைத் தாண்டி உள்ளேயும் வெளியேயும் போவதால் அலை அலையாக நகரும் மின்சாரம். நரம்பின் கடைசி முனை வரை அது வந்துவிடும். அங்கேதான் சிக்கல். நரம்பு தசையைத் தொடுவதே இல்லை!

நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. சுமார் 50 நானோமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் எவ்வளவு தடிமனோ, அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன இடைவெளிதான், ஆனாலும் மின்சாரம் அதைத் தாண்டாது. அதனால் உடம்பு அங்கே ஒரு தூதனை வைத்திருக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். நரம்பு முனையில் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். மின்சாரம் வந்து சேர்ந்ததும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைகிறது. பைகள் திறந்துகொண்டு தூதர்களை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்ப்பக்கம் தசையில் இருக்கும் ஏற்பிகளில் அவை போய்ப் பூட்டில் சாவி மாதிரி பொருந்துகின்றன. உடனே தசையில் புதிதாக ஒரு மின் அலை கிளம்புகிறது. அது தசைக்குள் சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தை அவிழ்த்து விடுகிறது. கால்சியம் வந்ததும் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கின்றன. தசை சுருங்குகிறது. கிளாஸ் வாய்க்கு வருகிறது.

நரம்பு ரசாயனத்தின் மூலம் பேசுகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளை இதயத்தை வைத்துக் காட்டினார். அசிட்டைல்கோலின் பற்றி ஆராய்ந்த ஹென்றி டேலும் அவரும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அது பை பையாகத்தான் கொட்டுகிறது என்று கண்டுபிடித்த பெர்னார்டு காட்ஸுக்கு 1970இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். தூதன் வந்து கதவைத் தட்டியாயிற்று. தட்டிக்கொண்டே இருந்தால்? தசை ஓயவே முடியாது. அதனால் அந்த இடைவெளியிலேயே துப்புரவுப் பணியாளர் மாதிரி ஒரு நொதி நிற்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். வேலை முடிந்த தூதனை இரண்டாக உடைத்து, அடுத்த உத்தரவுக்கு இடத்தைச் சுத்தம் செய்து வைக்கும். இந்த நொதியின் ஒரு மூலக்கூறு வினாடிக்குப் பல ஆயிரம் தூதர்களை உடைக்கக் கூடியது. கையைத் தூக்கவும் முடிகிறது, உடனே இறக்கவும் முடிகிறது என்றால் இந்தத் துப்புரவு வேலைதான் காரணம்.

பாட்டிலில் இருப்பது என்ன செய்கிறது?

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ், அசிபேட்... பெயரெல்லாம் வாயில் நுழையாவிட்டாலும் இவை ஒரே குடும்பம்தான். எல்லாமே அந்தத் துப்புரவு நொதியைப் போய்க் கட்டிப் போடுகின்றன. பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்த நொதி பொதுவானது. புழுவைக் கொல்லும் அதே வழியில்தான் இது ஆளையும் கொல்கிறது.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தைக் கேட்டால் இன்னும் திகிலாக இருக்கும். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்ததுதான் டாபுன் என்ற போர் விஷ வாயு. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு கும்பல் பரப்பிய சாரின் இதே வகை. உரக்கடைப் பாட்டில் அவ்வளவு கடுமையானது இல்லைதான். ஆனால் வேலை செய்யும் இடம் ஒன்றே.

நொதி முடங்கியதும் தூதர்கள் இடைவெளியில் குவிந்துவிடுகிறார்கள். அசிட்டைல்கோலினுக்குத் தசையில் மட்டுமல்ல, சுரப்பிகளிலும் இதயத்திலும் குடலிலும் வேலை உண்டு. அதனால் வாயில் எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கும், நுரையீரலுக்குள் சளி நிரம்பும். தசைகள் தோலுக்கு அடியில் புழு நெளிவது போல் துடிக்கும். பிறகு ஓயாமல் தட்டப்பட்ட தசை பதில் சொல்வதையே நிறுத்திவிடும். துடிப்பு போய்ச் செயலிழப்பு வரும். உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகளும் நின்றுவிட்டால் மூச்சு நின்றுவிடும்.

இதே இடைவெளியைத் தாக்கும் இன்னொரு விஷம் நம்ம ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டுவிரியன் கடித்தால் இமை தூக்க முடியாமல் தொங்கும், பிறகு மூச்சு திணறும். கட்டுவிரியன் விஷம் தூதர்களை அனுப்பும் நரம்பு முனையையே சிதைக்கிறது. நல்ல பாம்பின் விஷம் தசையில் இருக்கும் பூட்டை அடைத்துக்கொள்கிறது. பூச்சிக்கொல்லியோ துப்புரவாளரைக் கட்டிப் போடுகிறது. மூன்று வழி, ஒரே முடிவு. ஆனால் ஒரு வித்தியாசம். பாம்பு விஷத்துக்கு முறிவு மருந்து இருக்கிறது. அதற்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. பூச்சிக்கொல்லிக்கு அப்படி முழுமையாக முறிக்கும் ஊசி கிடையாது.

ஊசி ஏன் போதாது?

ஆஸ்பத்திரியில் முதலில் கொடுப்பது அட்ரோபின். உயிரைக் காக்கும் மருந்துதான், சந்தேகமே இல்லை. நுரையீரலில் நிரம்பும் சளியை வற்ற வைக்கும், தளர்ந்த இதயத் துடிப்பை மீட்கும். ஆனால் தசையில் இருக்கும் பூட்டு வேறு வகை. அங்கே அட்ரோபினுக்கு வேலையில்லை. சளி வற்றினாலும் மூச்சுத் தசை செயலிழப்பதை அதனால் தடுக்க முடியாது.

இரண்டாவது மருந்து பிராலிடாக்சிம். கட்டப்பட்ட நொதியை அவிழ்த்து விடுவது அதன் வேலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த முடிச்சு நேரம் ஆக ஆக இறுகிவிடும். மோனோகுரோட்டோபாஸ் வகையில் கட்டுண்ட நொதியில் பாதி, நாலு மணி நேரத்துக்குள் நிரந்தரமாக இறுகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ் வகையில் இதற்கு ஒன்றரை நாள் வரை ஆகும். இறுகிய பிறகு மருந்து கொடுத்துப் பயனில்லை, உடம்பு புதிய நொதியைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டும். நேரத்தோடு கொடுத்தால்கூட இந்த மருந்து எவ்வளவு உதவுகிறது என்பதில் இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்திருக்கின்றன.

இப்போது இந்த நாலு மணி நேரத்தை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மேல்மலையனூர் பக்கமோ மரக்காணம் பக்கமோ உள்ளே இருக்கும் ஒரு கிராமம். கொல்லையில் விழுந்து கிடப்பவரைப் பார்ப்பதற்கே நேரம் ஆகும். பார்த்ததும் சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். பிறகு வண்டி தேடி, செஞ்சியிலோ திண்டிவனத்திலோ அரசு மருத்துவமனை. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். 2010இல் முண்டியம்பாக்கத்தில் கல்லூரி வந்ததும் 108 வண்டி வந்ததும் நிறைய உயிரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் முடிச்சு இறுகுவது டோல்கேட்டில் நிற்காது.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் கொடுக்கும் தசை தளர்த்தி மருந்தும் இதே நரம்பு-தசை சந்திப்பைத்தான் அடைக்கிறது. நோயாளி தானாக மூச்சு விட முடியாது. ஆனாலும் பிழைத்து எழுந்து வருகிறார். எப்படி? இயந்திரம் அவருக்காக மூச்சு விடுகிறது. பூச்சிக்கொல்லி விஷத்திலும் ஆளைக் கரை சேர்ப்பது கடைசியில் இந்த வென்டிலேட்டர்தான். ஒரு மணி நேர ஆபரேஷனுக்கு இல்லை, பல நாட்களுக்கு.

மூன்றாம் நாள் ஆபத்து

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 1987இல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் கண்டம் தாண்டி, தேறி வந்தவர்களுக்கு ஒன்று முதல் நாலு நாளுக்குள் திடீரென்று கழுத்துத் தசை, தோள் தசை, மூச்சுத் தசை எல்லாம் தளர்ந்து போயின. இடைநிலைக் கூட்டறிகுறி என்று அதற்குப் பெயர் வந்தது. நல்லா பேசிக்கொண்டிருந்தவர், எழுந்து உட்கார்ந்து காபி கேட்டவர், மூன்றாம் நாள் மூச்சுத் திணறுவார்.

முதல் அடையாளம் ரொம்ப எளிது. படுத்திருப்பவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால், நர்ஸை உடனே கூப்பிட வேண்டும். இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் "நல்லாத்தானே இருக்காரு, போலீஸ் கேஸ் வேற, வீட்டுக்குப் போயிடலாம்" என்று இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகப் பார்க்கிறார்கள். டாக்டர் "இருங்க" என்றால் இருக்க வேண்டும். பணத்துக்காகவோ வார்டில் வைத்துக்கொள்ளவோ சொல்வதில்லை.

குடிக்காதவர்களும் உண்டு

விஷம் குடித்தவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். இந்த மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் கூலிக்கு மருந்தடிப்பவர் முதுகில் டேங்க் கசியும், சட்டை நனையும், காற்று திரும்பி அடிக்கும். சாயங்காலம் தலைவலி, குமட்டல், கண் மங்கல். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு" என்று படுத்துவிட்டு மறுநாளும் போவார். நொதி முழுதாக மீள்வதற்குள் மறுபடி அடி. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் வரிசையாக இறந்தபோதுதான் நாடு கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

இதற்கு வழி இருக்கிறது. ரத்தத்தில் இந்த நொதியின் அளவைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1974 முதலே மருந்தடிக்கும் தொழிலாளிகளுக்கு இந்தப் பரிசோதனை உண்டு. சிவப்பணுவில் உள்ள நொதி அவருடைய வழக்கமான அளவில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அவரை அந்த வேலையிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்ப்பது போல, மருந்தடிக்கும் பருவத்தில் இதையும் பார்க்க என்ன தடை?

60 நாள் தடை

1958இல் கேரளத்தில் கப்பலில் பாரத்தியான் கசிந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் என்ன தெரியுமா? 60 நாள் தடை. வேண்டுமானால் இன்னும் 30 நாள். அவ்வளவுதான். 2022-23இல் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தடை போட்டபோதும் அது 60 நாளுக்குத்தான். நோக்கம் தற்கொலையைக் குறைப்பது. நல்ல நோக்கம். ஆனால் 61ஆம் நாள் பாட்டிலில் இருப்பது சர்பத்தாக மாறிவிடுமா?

நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் கடையில் பாட்டில் இருக்கும், எந்தச் செடிக்கு அடிக்கிறார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது? 2009இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இதன் கேடுகளை ஆராய்ந்து தடை செய்யச் சொன்னது. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் கந்தாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ். பிறகும் பத்து வருடம். 2020இல் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டார்கள். 2023இல் முழுத் தடைக்கு வந்தவை மோனோகுரோட்டோபாஸ் கரைசல் உட்பட சில மட்டுமே. குளோர்பைரிபாஸும் அசிபேட்டும் வரைவில் இருந்தும் தப்பித்துக்கொண்டன.

"தடை செய்தால் விவசாயி என்ன செய்வான்?"

நியாயமான கேள்வி. இந்த மருந்துகள் விலை கம்மி, அடித்த மறுநாளே புழு உதிரும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் பதில் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய மருந்துகளை நிறுத்தியது. 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட். இருபது வருடத்தில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தத் தடைகளால் நெல் விளைச்சல் விழவில்லை. கோபத்திலோ வேதனையிலோ கைக்கு எட்டியதை எடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது கொஞ்சம் குறைந்த விஷமாக இருந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு அந்த வழியில் போவதில்லை.

மாற்று வழியும் இல்லாமல் இல்லை. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களையும் எள் ரகங்களையும் நாட்டுக்குத் தந்தது திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு மழை பெய்ததும் விளக்குப் பொறி, வரப்பு ஓரத்தில் ஆமணக்கு, தட்டப்பயறு, வேப்பங்கொட்டைச் சாறு என்று வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகச் சொல்லி வருகிறது. கஷ்டம் என்னவென்றால், விவசாயிக்கு முதலில் ஆலோசனை சொல்வது வேளாண் அதிகாரி இல்லை, உரக்கடைக்காரர். கடனுக்குச் சரக்கு கொடுப்பவரும் அவரே.

காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், பாட்டில் விலையில் தயாரிப்புச் செலவு இருக்கிறது, கம்பெனி லாபம் இருக்கிறது, கடைக்காரர் கமிஷன் இருக்கிறது. ஐ.சி.யூ. படுக்கை இல்லை. பத்து நாள் வென்டிலேட்டர் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பிள்ளை இல்லை. அந்தச் செலவெல்லாம் குடும்பத்தின் பேரிலும் அரசு ஆஸ்பத்திரியின் பேரிலும் எழுதப்படுகிறது. புறவிளைவு என்று பொருளாதாரப் புத்தகம் சொல்வது இதைத்தான். முழு அடக்க விலையைப் போட்டால் இதைவிட விலை அதிகமான மருந்து கடையில் இருக்காது.

ஆகவே கேட்க வேண்டியது நாலு. மாநிலத்துக்கு 60 நாளுக்கு மேல் தடை போடும் அதிகாரம் வேண்டும். மிச்சமிருக்கும் கொடிய ஆர்கனோபாஸ்பேட்டுகள் நிரந்தரமாக வெளியேற வேண்டும். மருந்தடிக்கும் தொழிலாளிகளுக்கு நொதிப் பரிசோதனை வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வென்டிலேட்டரும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

அதுவரைக்கும் சில விஷயங்களை மனதில் வையுங்கள். யாராவது இந்த விஷத்தில் மாட்டிக்கொண்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். அப்போது உங்கள் கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ இருக்கட்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108க்கு அழையுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிவது முக்கியம்.

வீட்டில் பாட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மனசு சரியில்லாமல் தவிப்பவர்கள் 104க்கோ 14416க்கோ எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. இந்த இரண்டு எண்ணையும் செல்போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.